சங்கு ஊதி இருபது நிமிஷம்

மணி ஒன்னே முக்கால். இன்னும் கால் மணி நேரம் கெடக்கு. இந்தக் கடிகாரத்தைக் கொண்டாந்து கட்டிலுக்கு நேர் எதிர்க்க மாட்டுனவன் எவனோ, அவன் வெளங்கமாட்டான். நஞ்சப்பன் கண்ணை மூடிப் பார்த்தாரு. மூடினா மெஷின் சத்தம் பெருசாக் கேக்குது, தொறந்தா கடிகாரம் நிக்குது. இடது கையில ரெண்டு ஊசி, ரெண்டு குழாய், ஒன்னுல ரத்தம் வெளிய போகுது, ஒன்னுல திரும்ப உள்ள வருது, நாலு மணி நேரத்துக்கு அந்தக் கையை அசைக்கக் கூடாது. செவ்வாய், வியாழன், சனி. ரெண்டு வருசமாச்சு. கிட்னி ரெண்டும் போயிருச்சுங்கன்னு டாக்டர் சொன்னப்ப, போகட்டும் போ, போனது அது மட்டுந்தானான்னு இருந்துச்சு இவருக்கு. ஊசி பழகிருச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு சொன்னதும் பழகிருச்சு. இன்னிக்குப் பழகாதது ஒன்னே ஒன்னுதான், இன்னிக்கு மாசத்துக் கடைசி வியாழன். ரெண்டு மணிக்குப் பெரிய டெக்னீஷியன் சாப்பிடப் போவாரு. அவரு படி எறங்குனதும் வால்பாறைக்கார நர்சு மெர்லின் புள்ளை சிரிச்சுக்கிட்டே வந்து சின்ன ஸ்பீக்கரை நடுவுல இருக்கற ஸ்டூல்ல வெச்சு பேய்க்கதை போடும். எட்டுக் கட்டிலும் கேக்கும். கடைசி வியாழன்னா கேக்கறவங்க அனுப்புன கதை. அதுல தாம் அனுப்புனதும் வருமா வராதா. வந்தா அந்தக் கதை சொல்றவன் என்ன சொல்லுவான். வராட்டி என்ன. வராட்டி ஒன்னுமில்லை. ஒன்னுமில்லைன்னு காலையில இருந்து எத்தனை தடவை சொல்லிக்கறது.

பாட்காஸ்ட்டுன்னு அதுக்குப் பேரு. மெர்லின்தான் சொல்லுச்சு, ரேடியோ மாதிரிங்கப்பா, ஆனா நம்ம நெனச்சப்ப போட்டுக் கேக்கலாம்னு. அது எல்லாரையும் அப்பாங்கும், அம்மாங்கும். தொழில் அது, வேற ஒன்னும் இல்ல. ஆனா மொத நாள் அப்பான்னு கூப்பிட்டப்ப இவரு பின்னால திரும்பிப் பார்த்தாரு, யாரைக் கூப்பிடுதுன்னு. நாலு மாசத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை அது அந்த ஸ்பீக்கரை வெச்சுது. எல்லாம் பயந்தாங்கொள்ளிகளா இருக்கீங்க, நேரம் போகும் கேளுங்கன்னுச்சு. தூரத்துல எங்கயோ ஒரு மில்லுச் சங்கு ஊதற சத்தம். அப்புறம் ஒரு கொரலு, ரொம்ப மெதுவா, காதுக்குப் பக்கத்துல வந்து குந்தீட்டு பேசற கொரலு. ‘கதவைத் தாழ் போட்டுட்டீங்களா? சரி. போடலைன்னாலும் ஒன்னுமில்ல. வர்றது வரும். ஒரு காதுல மட்டும் ஹெட்போனை மாட்டுங்க. இன்னொரு காது வெளிய என்ன சத்தம் கேக்குதுன்னு பாத்துக்கட்டும். நம்மகிட்ட இருபது நிமிஷம் இருக்கு.’ ‘கதவை’ங்கற மொத வார்த்தையிலயே யாருன்னு தெரிஞ்சு போச்சு இவருக்கு. பதினாலு வருசம். பத்தொம்பது வயசுல ஒரு பையைத் தூக்கீட்டு வாசப்படி எறங்குன பையன் பிரசன்னா. நடுவுல ஒரே ஒரு தடவை, ஆறு வருசத்துக்கு முந்தி, அவங்கம்மாளை மின்மயானத்துக்குக் கொண்டு போனப்ப வந்தான். இவரு இருந்த பக்கம் முகத்தைக் கூடத் திருப்பலை. அந்தப் பய கொரலு இங்க, இந்த டெட்டால் நாத்தத்துக்கு நடுவுல, எட்டு சீக்காளிகளுக்கு. மெஷின் கீங் கீங்னு கத்துச்சு. மெர்லின் ஓடியாந்து பிரஷரைப் பார்த்துட்டு சிரிச்சுது. “அய்யோ, பயந்துட்டீங்களாப்பா? இன்னும் பேயே வரலையே!” இவரும் சிரிச்ச மாதிரி வாயை வெச்சுக்கிட்டாரு. யாருகிட்டயும் சொல்லலை. என் பையன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அடுத்த கேள்வி, அப்ப ஏன் உங்களைப் பாக்க வர்றதில்லைன்னு வரும்.

அதுல அப்படி என்ன இருக்குன்னு இவரும் யோசிச்சுப் பார்த்திருக்காரு, யோசிக்கறதுக்குத்தான் வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் படுக்க வெச்சிருக்காங்களே. படம் இல்லை, ஆளு இல்லை, வெறும் வாயி. அஞ்சாம் நம்பர் கட்டில்ல ஒரு பேக்கரிக்காரரு, குஞ்ஞுமோன்னு பேரு, பாலக்காட்டுக்காரரு, ஊசி குத்துறப்ப கூட பப்ஸ் பத்திப் பேசற மனுசன். ரெண்டு மணியானா அந்த ஆளு வாயை மூடிக்குவாரு. “இவன் பேயைக் காட்டவே மாட்டேங்கறான் சாரே, அதாக்கும் விஷயம்,” அப்படிம்பாரு. வாஸ்தவந்தான். கதை முடியற வரைக்கும் அது கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கும். கதவு தொறக்கறதுக்கு ஒரு நொடி முந்தி கதை நின்னுரும். அவனவன் அவனவனுக்குத் தெரிஞ்ச மூஞ்சியை அங்க வெச்சுக்க வேண்டியதுதான். வரப்போறது எதுன்னு தெரிஞ்சு போச்சுன்னா பயம் பாதி போயிரும், வரப்போகுதுங்கறது மட்டும் தெரியற வரைக்கும் எவனும் எந்திரிக்க மாட்டான். ஒன்னுக்கு வந்தாக் கூட அடக்கீட்டுக் கெடப்பான். அந்த மெதுவான பேச்சு இருக்கு பாருங்க, அது இன்னொரு வித்தை. சத்தமாப் பேசற மனுசனை நம்ம கேக்க வேண்டியதில்லை, தானா வந்து விழும். கிசுகிசுன்னு பேசுனா நம்மதான் காதைக் கொண்டு போகணும், கொண்டு போயிட்டோம்னா மாட்டுனோம். ஹெட்போன் இல்லாததால மெர்லின் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்குது, எல்லாரும் ஒரு காதைத் தலகாணியில அமுக்கிக்கணும். எட்டுக் கட்டில்லயும் எட்டுப் பேரு ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, அறுபது வயசுக்கு மேல ஆனவங்க, வெளிய என்ன சத்தம்னு பாக்கறதுக்கு ஒரு காதை மிச்சம் வெச்சுக்கிட்டு! மெனக்கெட்டு பயப்படறாங்க. நல்லா சாப்பிட்ட பொறவு வெத்தலை போடற மாதிரி இவங்களுக்குப் பயம். ஏன்னா இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும்னு தெரியும். முடியாதுன்னு தெரிஞ்சா ஒருத்தனாவது கேப்பானா?

ரெண்டு மாசம் ஆச்சு இவருக்குப் புரியறதுக்கு. புத்தி மட்டு, அதை ஒத்துக்கணும். ஒரு கதையில வாசல்ல டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு. குஞ்ஞுமோன் துள்ளி விழுந்தாரு. நஞ்சப்பனுக்கு அது சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம்னு தெரிஞ்சுது, பழைய சைக்கிளு, பின் ஸ்டாண்டு, ஸ்பிரிங்கு போன ஸ்டாண்டு. அப்புறம் தொட்டித் தண்ணி மோந்து காலு கழுவற சத்தம், ரெண்டு செம்பு. அப்புறம் செருப்பில்லாத காலு சிமிட்டித் தரையில. அடப் பாவி, அது நானு. சங்கு எதுக்குன்னும் அப்பத்தான் புரிஞ்சுது. நாலு மணிச் சங்கு ஊதும், மில்லு கேட்டுல இருந்து சைக்கிளை மிதிச்சா வீட்டுக்கு இருபது நிமிஷம், ஒரு நிமிஷம் முன்னப் பின்ன ஆகாது. ஊர்ல பாதிப் பேரு சம்பளம் வாங்கி நேரா சாராயக்கடைக்குப் போவான், இவரு ஒரு சொட்டு தொட்டதில்லை. ஊரே மெச்சுன விஷயம். தொட்டிருந்தா ஒருவேளை நேரம் தப்பியாவது வந்திருப்பாரு, அந்தப் புள்ளைகளுக்கு என்னிக்காவது அஞ்சு நிமிஷம் கூடக் கெடச்சிருக்கும். எட்டு மணி நேரம் நூல் நூக்கற ரிங் பிரேம் மெஷினுக்கு நடுவுல நின்னு பாருங்க, பஞ்சு தொண்டையில அடைச்சுக்கிட்டு, மேஸ்திரி வாயில வந்ததெல்லாம் பேசி, அதுக்கும் காது கேக்காம அந்த ஆளு வாயசையறதைப் பார்த்தே திட்டு வாங்கிக்கிட்டு. வீட்டுக்கு வந்தா ஒரு குண்டூசி சத்தம் ஆகாது. ரேடியோ பாடக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, சிரிக்கக் கூடாது. பொண்டாட்டி வசந்தாமணிக்கு இருமல் வந்தாக் கூட முந்தானையை வாயில அமுக்கிக்குவா, முழுங்கிக்குவா. கதவுக்குப் பின்னாடி ஆணியில மில்லு டேப்பு தொங்கும், மெஷின் கதிரைச் சுத்தற நாடா, அறுந்து போனது, ரெண்டு முழம். அதை எடுத்து அடிச்சாரு. இல்லைங்கலை. அந்தக் காலத்துல யாரு எடுக்கலை? பக்கத்து வீட்டுல எடுக்கலையா? அப்படித்தான் இத்தனை வருசமா சொல்லிக்கிட்டாரு, பக்கத்து வீட்டுப் பையன் இன்னிக்கும் அவங்கப்பனை வண்டியில கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போறான்ங்கறதை மட்டும் சொல்லிக்கலை. ஒரு நாளு சைக்கிள் பஞ்சராகி உருட்டீட்டு வந்தாரு, சத்தமில்லாம உள்ள வந்துட்டாரு. கட்டிலுக்கு அடியில கிசுகிசுன்னு பேச்சு. குனிஞ்சு பார்த்தா பிரசன்னாவும் அவன் தங்கச்சி சுகந்தியும். இவன் அவ காதுகிட்ட வாயை வெச்சு ஏதோ சொல்றான், அவ ஒரு கையால இந்தப் பக்கத்துக் காதைத் தொறந்து புடிச்சிருக்கறா, வாசச் சத்தத்துக்கு. ‘அழுவாத, இன்னும் நேரம் இருக்குது, கதை முடியறதுக்குள்ள வராது’ன்னு அந்தப் பய சொன்னது காதுல விழுந்துச்சு. காலைப் புடிச்சு வெளிய இழுத்தாரு. என்னடா சத்தம் அங்கன்னு கேட்டதுக்கு, கதைங்கப்பான்னான். கதைக்குத்தான் அன்னிக்கு அடி. அவனுக்கு ஒம்போது வயசு. இன்னிக்கு லட்சம் பேரு காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கறாங்களாம் அந்தக் கிசுகிசுப்பை. யாருடா கத்துக் குடுத்தா? சத்தம் போடாமப் பேச யாரு கத்துக் குடுத்தா உனக்கு? இப்படி ஒரு நெனப்பு வந்துச்சு, கொஞ்சம் பெருமையாக் கூட இருந்துச்சு, த்தூ, அந்தப் பெருமை வந்ததை நெனச்சா இப்பவும் வாய் கசக்குது.

கோவந்தான் மொதல்ல வந்துச்சு. ஊரு பூரா என் மானத்தை வாங்கறானேன்னு. அப்புறம் யோசிச்சா, யாருக்கும் தெரியலை, பேருமில்லை ஊருமில்லை, எல்லாரும் பேய்னுதான் நெனச்சுக்கறாங்க. அது இன்னும் பொறுக்கலை. திட்டீருந்தாலாவது திட்டு நம்ம பேருக்கு வந்த தபால்னு வாங்கிக்கலாம். மைசூர்ல கட்டிக் குடுத்த சுகந்தி பொங்கலுக்கும் தீவாளிக்கும் போன் பண்ணுவா, மருந்து சாப்பிடறீங்ளா, சரிங், வெச்சர்றனுங், அவ்வளவுதான். அவகிட்ட பையன் நம்பர் கேக்கறதுக்கு நாக்கு எழும்பலை. அப்பத்தான் கதை முடிவுல அந்தப் பய ஒரு நம்பர் சொன்னான், உங்களுக்கு நடந்ததை வாய்ஸ் நோட்டா அனுப்புங்கன்னு. தம்ம நம்பர் அவனுக்குத் தெரியாது, நடுவுல மூணு நம்பர் மாறியாச்சு. ஒண்டிப்புதூர் சுப்புன்னு பேரு வெச்சுக்கிட்டாரு. பேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நாற்காலியில குந்தி பேசுனாரு. மில்லுல நடந்த கதை, பஞ்சு பிரிக்கற புளோ ரூம்ல பொதி மேல செத்துப் போன ஒருத்தன் பட்டப்பகல்ல குந்தியிருந்தானாம், அது. நடந்துச்சோ இல்லையோ, எல்லாரும் சொன்ன கதை. மொத தடவை வாயி கொளறிருச்சு, அழிச்சாரு. ரெண்டாந் தடவை பால்காரன் பெல் அடிச்சான், அழிச்சாரு. பதினோராவதுதான் சரியா வந்துச்சு. கதைக்கா அனுப்புனாரு? கதை முடிஞ்சதும் கடைசியில மூணு வார்த்தை வெச்சாரு. ‘கொரலு நல்லாருக்குது சாமி. நேரத்துக்குச் சாப்பிடு. அன்னிக்குக் கதை சொன்னதுக்கு அடிச்சிருக்கக் கூடாது.’ அந்த மூணாவது வாக்கியத்துக்குத்தான் பதினோரு தடவை. அதைக் கேட்டா தெரிஞ்சுக்குவான். தெரிஞ்சுக்கிட்டு திட்டட்டும், காறித் துப்பட்டும், ஒரு வார்த்தை எனக்குன்னு சொல்லட்டும். அனுப்பி இருபத்திரெண்டு நாளாச்சு. இன்னும் எத்தனை மாசம் இந்த மெஷின் இழுக்கும்னு டாக்டரே கையை விரிக்கறாரு, காத்திருக்கறதுக்கு நேரம் கெடக்கான்னு தெரியலை.

“ரெடியாங்கப்பா? அம்மா, காதை அமுக்கிக்குங்க. குஞ்ஞுமோன் அப்பா, பப்ஸ் பேச்சை நிறுத்துங்க,” மெர்லின் ஸ்பீக்கரைத் தட்டுச்சு. சங்கு ஊதுச்சு. நஞ்சப்பன் ஒரு காதைத் தலகாணியில வெச்சாரு. கதவைத் தாழ் போட்டுட்டீங்களா. போட்டாச்சு போட்டாச்சுன்னு ஆறாம் நம்பர் அம்மா முனகுச்சு. மொதல் வாய்ஸ் நோட்டு ஒரு காலேஜ் புள்ளை, ஹாஸ்டல் லிப்டு தானா மூணாவது மாடியில நிக்குதாம். என்னமோ. கடிகாரம் ரெண்டு அஞ்சு. ரெண்டாவது ஒரு லாரி டிரைவர், கண்ணாடியில பின்னாடி யாரோ குந்தியிருந்தாங்களாம், நல்லாத்தான் சொன்னான், இவரு காதுலயே ஏறலை. ரெண்டு பதிமூணு. அவ்வளவுதான் போல. வரலை. சரி, வராட்டி என்ன, ஆயிரம் பேரு அனுப்புவாங்க. அப்ப பிரசன்னா கொரலு மறுபடி வந்துச்சு. ‘மூணாவதா ஒன்னு இருக்கு. அனுப்புனவர் பேரை நான் சொல்லப் போறதில்ல. உண்மையைச் சொல்லட்டுங்களா? இதை நான் முழுசாக் கேக்கலை. மூணு செகண்டு கேட்டேன். ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, எந்திரிச்சுப் போயி என் வீட்டுக் கதவைத் தாழ் போட்டேன். எனக்கு முப்பத்தி மூணு வயசு. நாலு நாளு கழிச்சு மறுபடியும் போட்டேன், அதே மூணு செகண்டு, அதுக்கு மேல முடியலை. அதுக்கப்புறம் அந்த ஆளு என்ன சொல்லியிருக்கார்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம், அழிச்சுட்டேன். அந்த மூணு செகண்டை மட்டும் எடுத்து வெச்சிருக்கேன். இத்தனை நாளா உங்களுக்கு நான் சொன்ன எல்லாக் கதையிலயும் கதவுக்கு வெளிய நின்னது எதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களே. கேளுங்க.’ ஸ்பீக்கர்ல ஒன்னுமில்லை. எட்டு மெஷினு ஓடுது. அப்புறம் அது வந்துச்சு. க்ஹ்ரும். கொஞ்சம் இடைவெளி. க்ஹூம். பஞ்சடைச்ச தொண்டையை ஒருத்தன் பேசறதுக்கு முந்தி செருமிக்கற சத்தம். அதோட நின்னு போச்சு. கதையும் நின்னு போச்சு.

“என்ட கர்த்தாவே!” குஞ்ஞுமோன் எந்திரிக்கப் பார்த்து ஊசி ஞாபகம் வந்து படுத்துக்கிட்டாரு. ஆறாம் நம்பர் அம்மா முருகா முருகான்னுச்சு. மெர்லின் ரெண்டு கையையும் தேய்ச்சுக்கிட்டு, பயமும் சிரிப்புமா, “பாருங்கப்பா, பாருங்க, எப்படி மயிர் நிக்குதுன்னு! ஒரு கனைப்புதான், அதுக்கே இப்படி!”ன்னு கையைக் கொண்டாந்து காட்டுச்சு. நஞ்சப்பனுக்கும் நின்னுருந்துச்சு, ஊசி போட்ட கையில, பிளாஸ்திரிக்கு ஓரத்துல. அறுபத்தி நாலு வயசுல அந்தச் சத்தத்தை இன்னிக்குத்தான் வெளிய இருந்து கேட்டாரு. பதினோரு தடவை அழிச்சு அழிச்சுப் பேசுனாரே, பால்காரன் பெல்லு கேட்டுச்சு, வாயி கொளறுனது கேட்டுச்சு, இது மட்டும் காதுலயே விழலை, தம்ம மூச்சு தமக்குக் கேக்குமா. வாசல்ல காலைக் கழுவி, உள்ள வந்து, ஆணிகிட்ட நின்னு, ரெண்டு தடவை செருமீட்டுத்தான் வாயைத் தொறப்பாரு, நாப்பது வருசப் பழக்கம். அவருக்கே பயமா இருந்துச்சு. நெசமாவே பயமா இருந்துச்சு, கட்டிலுக்கு அடியில போயிரலாமான்னு ஒரு நொடி தோணுச்சு. பின்னாடி வெச்ச மூணு வார்த்தையும் போச்சு. சாப்பிடுன்னு சொன்னதும் போச்சு. கதவு தொறக்கறதுக்கு முந்தியே அவன் கதையை முடிச்சுட்டான், எப்பவும் முடிக்கற மாதிரி. மெர்லின் பிரஷர் பட்டையைக் கட்டிக்கிட்டே கேட்டுச்சு, “அந்த ஆளு அப்புறம் என்னப்பா சொல்லியிருப்பான்? உங்களுக்கு என்ன தோணுது?” இவருக்குத் தெரியும். எட்டுக் கட்டில்ல இவரு ஒருத்தருக்குத்தான் தெரியும். சொல்லலாம்னு வாயெடுத்தாரு, தொண்டையில பஞ்சு மாதிரி சளி வந்து நின்னுச்சு, அதைச் செருமாம இவருக்குப் பேச்சு வராது, வந்ததே இல்லை. “என்னப்பா? தலை சுத்துதா? ஏதாச்சும் பேசுங்க.” எல்லாரும் இவரையே பார்த்தாங்க, ஒரு குண்டூசி விழுந்தாக் கேக்கும். நஞ்சப்பன் வலது கையால போர்வையை இழுத்து வாயில அமுக்கிக்கிட்டாரு. வந்த செருமலை முழுங்கினாரு. மறுபடி வந்துச்சு, மறுபடியும் முழுங்கினாரு. இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டுனாரு.